எலுவன்குளத்திலிருந்து பார்த்தால்: ஊழல் ஒழிப்பும் கம்பனிக் கணக்கும்

புத்தளத்திலிருந்து வடக்கே, வண்ணாத்திவில்லு தாண்டிப் போகிற பாதையில் இருக்கிறது எலுவன்குளம். அப்பால் கலா ஓயா. மழை கனத்தால் ஆற்றின் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். அக்கரையில் வில்பத்து வனம், வனம் முடிந்தால் மன்னார் மாவட்டம். கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு இது வரைபடத்தின் ஓரம். ஆனால் அரசும் கம்பனிகளும் சேர்ந்து செய்த பெரிய கொடுக்கல் வாங்கல்களில் நான்கு இந்த ஓரத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன: அருவக்காட்டில் சீமெந்துக்கான சுண்ணாம்புக்கல், அதே அருவக்காட்டில் கொழும்பின் குப்பை, களப்புக்கு அந்தப் பக்கம் நுரைச்சோலை நிலக்கரி, வனத்துக்கு அந்தப் பக்கம் மன்னார்க் காற்றாலை. அரசாங்கங்கள் ஊழலை ஒழிக்கிறோம் என்று எடுத்த நடவடிக்கைகள் கம்பனிகளின் கணக்குப் புத்தகத்தை எந்த அளவுக்குத் திறந்தன என்று பார்க்க, கொழும்பு ஹோட்டல் கருத்தரங்கைவிட இந்த ஊர் தோதானது.

ஊழல் ஒழிப்புச் சட்டங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது வசதி. ஒன்று பிடிக்கும் சட்டம். இலஞ்சம் வாங்கியவரையும் கொடுத்தவரையும் தேடிப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது. மற்றது திறக்கும் சட்டம். யாரும் குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒப்பந்தத்தையும் உரிமையாளரையும் வரிச் சலுகையையும் வெளியே வைக்கச் சொல்வது. இலங்கை முதல் வகையில் மூத்த நாடு. 1954 இலேயே இலஞ்சச் சட்டம் வந்தது. 1994 இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. 2004 இல் ஐ.நா. ஊழல் எதிர்ப்புச் சமவாயத்தை ஏற்றோம். இத்தனைக்கும் பிறகு டிரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனலின் ஊழல் சுட்டெண்ணில் 2023 இல் 100 க்கு 34 புள்ளி, 2024 இல் 32 புள்ளி. அந்தச் சுட்டெண் நிபுணர்களும் வணிகத் துறையினரும் கொண்டிருக்கும் எண்ணத்தை அளப்பது, ஊழலை அளப்பது அல்ல என்பார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். எழுபது வருடச் சட்டம் அந்த எண்ணத்தைக்கூட அசைக்கவில்லை.

பழைய சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அரச உத்தியோகத்தர் சம்பந்தப்பட்டால்தான் இலஞ்சம். ஒரு கம்பனியின் கொள்வனவு மனேஜர் இன்னொரு கம்பனியிடம் கொமிஷன் வாங்கினால், அது அவர்களுடைய வீட்டு விவகாரம். 2023 இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதை மாற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், தனியார் துறைக்குள் நடக்கும் இலஞ்சத்தையும் வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு உண்மைகளைச் சொல்ல முன்வரும் கம்பனியுடன் வழக்கை ஒத்திவைக்கும் உடன்படிக்கை செய்யவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தந்தது. இந்தக் கடைசி ஏற்பாடு பத்திரிகைகளில் அதிகம் பேசப்படவில்லை. என் கணிப்பில் முழுச் சட்டத்திலும் கம்பனிகளின் வாயைத் திறக்கக்கூடிய பகுதி அதுதான். ஏன் என்பதை ஏர்பஸ் கதை சொல்லும்.

ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் ஏர்பஸ் விமானங்கள் வாங்கிய விவகாரம் கொழும்பில் வருடக்கணக்காகப் பேசப்பட்டது. விசாரணைக் குழு, அறிக்கை, நாடாளுமன்றத்தில் கூச்சல் எல்லாம் நடந்தன. கம்பனி தன் வாயால் எதையும் சொல்லவில்லை. 2020 ஜனவரி 31 இல் பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு வழக்குத்தொடுநர்களுடன் ஏர்பஸ் சமரசம் செய்து 360 கோடி யூரோ தண்டம் கட்டியது. அதற்காக லண்டனில் வெளியிடப்பட்ட உண்மைக் கூற்றில் இலங்கைக்கும் ஒரு பகுதி இருந்தது. ஸ்ரீலங்கனின் உயர் அதிகாரி ஒருவருடைய மனைவியின் பெயரில் ஒரு கம்பனி, அதற்கு 1 கோடியே 68 லட்சம் டொலர் வரை தருவதாக ஏற்பாடு, கைமாறியது 20 லட்சம் டொலர். நம்முடைய ஆட்கள் இதை அறிந்தது லண்டன் நீதிமன்றக் காகிதத்திலிருந்து. அதற்குப் பிறகே கொழும்பில் கைது. ஏர்பஸ் மனம் திருந்திப் பேசவில்லை. பேசினால் வழக்கு தள்ளிப்போகும், பேசாவிட்டால் அரச ஒப்பந்தங்களே கைநழுவும் என்ற கணக்கு அதைப் பேசவைத்தது.

பிடிக்கும் வேலை மட்டும் நடந்தால் கம்பனி என்ன செய்யும் என்பதற்குச் சீனாவில் நல்ல ஆதாரம் இருக்கிறது. சீனக் கம்பனிகளின் கணக்கில் 'உபசாரமும் பயணமும்' என்று ஒரு செலவுத் தலைப்பு உண்டு. அதிகாரிகளுக்கான விருந்தும் அன்பளிப்பும் அதற்குள் ஒளிந்திருப்பதை 2011 இல் ஹொங்பின் காய், ஹான்மிங் ஃபாங், லிசின் கொலின் சூ ஆகிய மூவர் காட்டி, அந்தத் தலைப்பையே ஊழலின் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். 2012 டிசம்பரில் ஷி ஜின்பிங் எட்டு விதிகளை அறிவித்து விருந்தையும் ஆடம்பரத்தையும் தடுத்தார். 2013 அக்டோபரில், பதவியிலும் ஓய்விலும் உள்ள கட்சி அதிகாரிகள் கம்பனிகளில் சுயாதீனப் பணிப்பாளர்களாக அமர்வதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது; பலர் கூட்டமாக இராஜினாமா செய்தார்கள். உபசாரச் செலவு இறங்கியது. ஆனால் அடுத்து வந்த சீன ஆய்வொன்று அரசுக் கம்பனிகளில் வேறொன்றைக் கண்டது. அந்த மாதிரிச் செலவில் ஒரு பகுதி, எல்லோரும் பார்க்கும் செலவுத் தலைப்பிலிருந்து சரக்கிருப்புக் கணக்குக்குள் நகர்ந்திருந்தது. செலவு நிற்கவில்லை, பக்கம் மாறியது. பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரத்தில் கணக்கு முன்பைவிட மங்கலாகியிருக்கிறது. பயமுறுத்துவதால் மட்டும் வெளிப்படைத்தன்மை வராது என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இனி குப்பைக்கு வருவோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். தலைநகரின் குப்பையை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் பதில் அருவக்காடு. களனியில் குப்பையை இறுக்கி, ரயிலில் ஏற்றி, சுண்ணாம்புக்கல் தோண்டிய பகுதியில் கொண்டுவந்து நிரப்புவது திட்டம். நாளொன்றுக்கு 1,200 தொன் என்றார்கள். கட்டும் ஒப்பந்தம் சீன அரசுக் கம்பனியான சைனா ஹாபர் எஞ்சினியரிங்குக்குப் போனது.

அந்தக் கம்பனியின் தாய்க் கம்பனி சைனா கொம்யூனிகேஷன்ஸ் கன்ஸ்ட்ரக்ஷன். பிலிப்பீன்ஸ் வீதித் திட்டம் ஒன்றில் நடந்த மோசடிக்காக உலக வங்கி, தன் பணத்தில் நடக்கும் வீதி, பாலப் பணிகளில் அதற்குத் தடை போட்டிருந்தது. அந்தத் தடை முடிந்தது 2017 ஜனவரியில். 2018 ஜனவரியில், அதிகாரி ஒருவருக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றதாகச் சொல்லிப் பங்களாதேஷ் அரசாங்கம் சைனா ஹாபரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. அதே வருடம் ஜூனில் நியூயோர்க் டைம்ஸ், 2015 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவின் பிரசாரத் தரப்புக்கு அந்தக் கம்பனியிடமிருந்து 76 லட்சம் டொலர் போனதாக எழுதியது, ராஜபக்ச மறுத்தார். இவற்றில் எதுவும் அருவக்காட்டு ஒப்பந்தத்தில் தவறு நடந்ததற்குச் சான்று ஆகாது. ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்கு யார் வருகிறார் என்று அறிய எலுவன்குளத்துக்காரருக்கு உரிமை உண்டு. அந்தத் தகவல்கள் வொஷிங்டனிலும் டாக்காவிலும் நியூயோர்க்கிலும் வெளிவந்தன. கொழும்பின் எந்தக் கேள்விப்பத்திர அறிவித்தலும் அவற்றை ஊருக்குச் சொல்லும் கடமையில் இருக்கவில்லை.

தேர்தல் பணம் பற்றி இடையில் ஒரு வார்த்தை. 2023 இல் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்து, வேட்பாளர் தனக்குக் கிடைத்த நன்கொடைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. கொடுத்த கம்பனியின் பக்கம்? 2007 கம்பனிகள் சட்டப்படி ஆண்டறிக்கையில் நன்கொடைகளின் மொத்தத் தொகையைச் சொன்னால் போதும். கோயில் திருவிழாவும் கட்சிக் கூட்டமும் அந்த ஒரே தொகைக்குள் அடங்கிவிடும்.

அருவக்காட்டுக் குப்பைக்கு எதிராக 2018 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புத்தளம் மக்களின் போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. முஸ்லிம், தமிழர், சிங்களவர் எல்லோரும் இருந்தார்கள். 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறியவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் பாதி சுற்றாடல், மறுபாதி கணக்கு: ஏன் இந்த இடம், யார் தீர்மானித்தார், எவ்வளவு செலவு. தேசியச் சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 வேலைநாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அது திறக்கும் சட்டம்தான். ஆனால் அந்த அறிக்கையில் நிலத்தடி நீர் இருக்கும், பறவைகள் இருக்கும். கம்பனியின் விலை இருக்காது, யாருடைய போட்டி விலைமனு நிராகரிக்கப்பட்டது என்பது இருக்காது. எதிர்ப்பையும் மீறி 2019 ஆகஸ்டில் குப்பை லொறிகள் வரத் தொடங்கின.

ஊழலுக்கு எதிரான அலையில் ஆட்சிக்கு வந்த 2015 அரசாங்கம் இதே சைனா ஹாபரின் கொழும்புத் துறைமுக நகரத் திட்டத்தை, வெளிப்படைத்தன்மை இல்லை என்று சொல்லி மார்ச்சில் நிறுத்தியதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அடுத்த வருடமே வேலை திரும்பத் தொடங்கியது. கம்பனிக்குச் சொந்தமாகக் கொடுப்பதாக இருந்த நிலம் குத்தகையாக மாறியது. அது சின்ன வெற்றி அல்ல. ஆனாலும் அது ஒரு பேரத்தின் முடிவு. மூடிய அறைக்குள் எழுதியதை மூடிய அறைக்குள் திருத்தினார்கள். அடுத்த ஒப்பந்தம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு அதிலிருந்து விதி எதுவும் பிறக்கவில்லை, அடுத்த பெரிய வேலைகளில் ஒன்றான அருவக்காடு அதே வழியில் வந்தது.

குப்பைக்கு முன்பே அருவக்காட்டில் கல் உண்டு. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ரயிலில் ஏறிப் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. அரசுக் கூட்டுத்தாபனமாகத் தொடங்கிய தொழிற்சாலை தொண்ணூறுகளில் பாகிஸ்தானின் தவக்கல் குழுமத்திடம் போனது, பிறகு சுவிஸ் ஹோல்சிம், 2016 இலிருந்து தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்து. மூட்டையில் இன்சீ என்று அச்சாகிறது. சியாம் சிட்டி, பாங்கொக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. அதன் இலங்கைக் கிளை கொழும்புப் பங்குச் சந்தையில் இல்லை. ஆகவே தாய்லாந்துப் பங்குதாரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து சேரும் தகவலுக்கு எலுவன்குளத்தில் சட்டப்படியான உரித்தாளர் இல்லை. இது அந்தக் கம்பனியின் குற்றம் அல்ல. பட்டியலிடப்பட்ட கம்பனியிடம் மட்டும் வெளிப்படைத்தன்மையை எதிர்பார்க்கும் நம் ஏற்பாட்டின் இயல்பு. டிரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனலின் இலங்கைக் கிளை 2020 இலிருந்து கம்பனிகளின் ஊழல் எதிர்ப்பு அறிக்கையிடலை மதிப்பிட்டுப் புள்ளி போடுகிறது. பயனுள்ள வேலை. ஆனால் அதுவும் கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய பெயர்களைச் சுற்றியே நடக்கிறது. மண்ணைத் தோண்டுபவர்களில் பலர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

குவாரிக் கணக்கு ஏன் முக்கியம் என்று மதுரையைக் கேட்டால் தெரியும். 2012 மே மாதம் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார்; சில நாளில் இடம் மாற்றப்பட்டார். 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கை இழப்பை ஒரு லட்சம் கோடிக்கு மேல் கொண்டுபோனது. அந்தத் தொகையில் வாதம் இருக்கலாம். ஆனால் குத்தகைக் காகிதத்தில் இருந்த அளவும் மலையிலிருந்து போன அளவும் பொருந்தாததுதான் அங்கே விஷயம். இரண்டு எண்ணும் ஒவ்வொரு மாதமும் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தால் சகாயம் தேவைப்பட்டிருக்க மாட்டார். ஒரு நேர்மையான அதிகாரியை நம்பி நிற்கும் ஏற்பாட்டை நான் ஏற்பாடு என்றே சொல்ல மாட்டேன்.

நிலக்கரியைச் சுருக்கமாகச் சொல்லலாம். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையத்துக்கான நிலக்கரிக் கேள்விப்பத்திரம் பற்றிய வழக்கில் 2016 ஜூனில் உயர் நீதிமன்றம் தெரிவு நடந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தது. வழக்குப் போட்டது தோற்றுப்போன கம்பனி. நம் நாட்டில் கம்பனி இரகசியம் வெளிவர ஒரு வழி இதுவும்தான்: இரண்டு கம்பனிகள் சண்டை போட வேண்டும்.

காற்றாலையில் கொஞ்சம் நிற்கலாம். 2022 ஜூன் 9 இல் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, போட்டி விலைமனு இல்லாமலே திட்டங்களைக் கொடுக்க நாடாளுமன்றம் வழிவிட்டது. அதே நாட்களில் மின்சார சபைத் தலைவர், அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் கோப் குழு முன்னால், மன்னார்த் திட்டத்தை அதானிக்குக் கொடுக்க இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருந்ததாகச் சொல்லி, பிறகு வாபஸ் வாங்கி, பதவியையும் விட்டார். 2024 மே மாதம் மன்னார், பூநகரி ஆகிய இரண்டு இடங்களின் 484 மெகாவாட்டுக்கு 20 வருட உடன்பாட்டை அமைச்சரவை ஏற்றது: அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம். அந்த ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கில் கௌதம் அதானி மீது, இந்திய அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுக்கத் திட்டமிட்டதாக வழக்கு வந்தது, குழுமம் மறுத்தது. கொழும்பில் புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்டது. 2025 பெப்ரவரியில் அதானி கிரீன் திட்டத்திலிருந்து விலகியது. இதற்கிடையே மன்னாரிலேயே 50 மெகாவாட்டுக்குப் போட்டி விலைமனு கேட்டபோது ஹேலீஸ் ஃபென்டன்ஸ் சொன்ன விலை 4.65 சதம். இரண்டும் ஒரே அளவுத் திட்டங்கள் அல்ல, நிபந்தனைகளும் வேறு. அப்படியிருந்தும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதே பெரிய காரியம். கைதும் விலங்கும் இல்லாமல், ஒரு கேள்விப்பத்திரம் செய்த வேலை அது.

வெளிநாட்டு வழக்குத்தொடுநரை நம்பியே இருக்கவும் முடியாது. அதானி விலகிய அதே வாரத்தில், பெப்ரவரி 10 இல், வெளிநாட்டு இலஞ்சத்துக்கு எதிரான தன் நாட்டுச் சட்டத்தை அமுல்படுத்துவதை நிறுத்திவைக்கும்படி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் உத்தரவிட்டார். லண்டனும் வொஷிங்டனும் நமக்காகக் கம்பனிகளின் வாயைத் திறந்து தருவது அவர்களுடைய அரசியல் இடம் கொடுக்கும்வரைதான்.

மிச்சம் இருப்பவர் கடன்காரர். நாடு முறிந்த பிறகு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்தை ஒப்புக்கொண்டது. கூடவே ஆட்சிமுறை பற்றி ஓர் ஆய்வு செய்து செப்டம்பர் 30 இல் வெளியிட்டது. ஆசியாவில் அப்படியொரு ஆய்வுக்கு உட்பட்ட முதல் நாடு நாம்தான். 16 முன்னுரிமைப் பரிந்துரைகள். அவற்றில் ஒன்று கம்பனிகளை நேராகத் தொட்டது: 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அரச கொள்வனவு ஒப்பந்தங்கள், முதலீட்டுச் சபை வழியாக வரிச் சலுகை பெறும் கம்பனிகளின் பெயர், அந்தச் சலுகையின் பெறுமதி ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் போட வேண்டும். சுதந்திர இலங்கையின் எந்த ஊழல் ஒழிப்புக் கோஷமும் செய்யாததைக் கடன் நிபந்தனை செய்தது என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். அதற்காக அந்தப் பட்டியலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குறை எங்கே என்றால், 100 கோடி என்ற வரம்பில். ஒரு கிராம வீதியோ மதகோ அந்தத் தொகையைத் தொடாது. எலுவன்குளம் தினமும் பார்க்கும் ஒப்பந்தங்கள் அந்தப் பட்டியலில் ஒருநாளும் வராது.

2025 இல் குற்றச் செயல்களால் வந்த சொத்துகளை மீட்கும் சட்டமும், கம்பனிகளின் உண்மையான உரிமையாளரைப் பதிவாளருக்குத் தெரிவிக்கச் சொல்லும் திருத்தமும் வந்தன. பெயர் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் பணிப்பாளர், பின்னால் இருக்கும் பணக்காரர் என்ற பழைய வித்தைக்கு அடி விழும். ஆனால் பதிவாளரின் அலமாரிக்குள் இருக்கும் பெயர் ஊருக்கு உதவ வேண்டுமானால், அது ஊர்க்காரர் படிக்கக்கூடிய இடத்துக்கும் வர வேண்டும்.

ஊர்க்காரர் கையில் ஏற்கனவே ஒரு சட்டம் இருக்கிறது. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில். அரசு நான்கில் ஒரு பங்கு வைத்திருக்கும் கம்பனிகள் அதற்குள் வரும். அரசின் ஒப்பந்தமோ உரிமமோ பெற்றுப் பொதுச் சேவை செய்யும் தனியார் கம்பனியும், அந்த வேலையளவில், உள்ளே வரும். ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் தனக்கு இது பொருந்தாது என்று வாதாடியது. விமானிகள் சங்கம் தொடுத்த மேன்முறையீட்டில் 2018 இல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. சட்டத்தின் 9ஆம் பிரிவு இன்னும் சுவையானது. ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டத்தையும் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டுத் திட்டத்தையும் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிப்பது அமைச்சரின் கடமை. நாணய நிதியத்தின் 100 கோடி எங்கே, இந்த ஐந்து லட்சம் எங்கே! நம் சொந்தச் சட்டம் கடன்காரரைவிடக் கடுமையானது. அதைக் கேட்பார் இல்லை.

அருவக்காட்டிலிருந்து மாதந்தோறும் எவ்வளவு கல் போனது, அரசுக்கு எவ்வளவு உரிமைப்பணம் வந்தது என்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் காகிதம். குப்பைக் கிடங்கின் கழிவுநீர்ச் சோதனை மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு உரியது. கட்டுமான ஒப்பந்தத்தின் இறுதித் தொகை அமைச்சின் கோப்பில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. தமிழில் எழுதலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வரக்கூடிய மறுப்பும் முன்கூட்டியே தெரிந்ததுதான்: 5ஆம் பிரிவின்படி வர்த்தக இரகசியம். அதே பிரிவு, பொதுநலன் அதைவிடப் பெரிதானால் இரகசியத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கழிவுநீரின் இரசாயன அளவு எந்தக் கம்பனியின் வர்த்தக இரகசியம் என்பதை மேன்முறையீட்டில் அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.